அடியில் தங்காத சுண்ணாம்பு

இந்தப் பிரபஞ்சத்தில் அளவுக்கு அடங்காத பொருள் என்று ஒன்று கிடையாது என்பது பேராசிரியர் ஜம்புநாதனின் கொள்கை. புனே தமிழர்கள் எங்கே கூடினாலும் மேடையேறி இதைச் சொல்லிவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார். அவருடைய இடுப்பளவை மட்டும் அவர் கல்லூரி இருந்த கட்கிப் பகுதியில் எந்தத் தையற்காரரும் சரியாகப் பிடித்ததில்லை. பேசும்போது ஒரு கை எப்போதும் கால்சட்டையைப் பிடித்திருக்கும்.

எழுபத்தெட்டாம் வருஷத்து மழைக்காலத்தில் கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தைப் பழைய கட்டடம் ஒன்றுக்கு மாற்றினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அது பட்டாளத்து ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டு. கட்டில்கள் கிடந்த இடங்களில் தரை இன்னும் வெளுத்திருந்தது. பகலிலும் விளக்குப் போட வேண்டும். ஈரச் சுவரின் வாசனைக்கு அடியில் பழைய மருந்து வாசனை, அதற்கும் அடியில் மென்று துப்பிய வெற்றிலை வாசனை.

துறைத் தலைவர் நாற்காலி அப்போது காலியாக இருந்தது. ஜம்புநாதன் அதற்காகப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவர். தேர்வுக் குழுவின் முன்னால் ஒரு பரிசோதனையைப் பிழையில்லாமல் செய்துகாட்டினால் நாற்காலி அவருக்கு. அவர் எடுத்துக்கொண்டது சுண்ணாம்பின் கரைதிறன் பெருக்கம். சுண்ணாம்பு தண்ணீரில் கொஞ்சம்தான் கரையும். மீதி அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். மீதி கிடந்தால்தான் இதற்குமேல் கரைக்கத் தண்ணீருக்குத் திராணியில்லை என்று அர்த்தம். மேலே தெளிந்ததை எடுத்து, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கரைந்தது எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். காலேஜில் சேர்ந்த முதல் வருஷத்துப் பிள்ளைகள் செய்வதுதான். ஜம்புநாதன் செய்தால் அதற்கு நுண்ணளவியல் என்று பெயர்.

சாயங்காலம் பெரிய பாட்டிலில் சுண்ணாம்பைப் போட்டுக் குலுக்கி, மூடியில் அரக்கு வைத்துவிட்டுப் போனார். காலையில் அரக்கு அப்படியே இருந்தது.

அடியில் சுண்ணாம்பு இல்லை.

இன்னும் போட்டார். மறுநாளும் அடி துடைத்துவிட்டாற்போல் இருந்தது. உடனே சந்தேகம் ஆய்வுக்கூட உதவியாளன் சவரிமுத்துவின் மேல் பாய்ந்தது. உள்ளங்கையில் புகையிலையும் சுண்ணாம்பும் தேய்த்து உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு உண்டு. இங்கிலீஷில் பாதியும் இந்தியில் பாதியுமாக அவனை வைதார்.

சவரிமுத்து சட்டைப்பையிலிருந்து தன் தகரச் சுண்ணாம்பு டப்பியை எடுத்துக் காட்டினான்.

“என் சுனா தனி சார். உங்க லேப் சுனாவை வாயில வெச்சா நாக்கு ஏக்தம் வெந்துடும். அப்புறம் உங்களுக்கு யாரு குட் மார்னிங் சொல்றது?”

அவன் போன பிறகுதான் ஜம்புநாதனுக்கு அது ஞாபகம் வந்தது. அவருடைய நாகர்கோவில் பக்கத்தில், தனியாகப் போகிறவனிடம் யட்சி ஒருத்தி வந்து சுண்ணாம்பு கேட்பாள். இல்லையென்று சொல்லக்கூடாது. கையால் கொடுக்கவும் கூடாது. இரும்பு நுனியில் வைத்து நீட்ட வேண்டும். மூடநம்பிக்கை பற்றிய தம் பிரசங்கத்தில் இதைச் சொல்லிச் சிரிக்கவைப்பது அவர் வழக்கம். கைதட்டல் நிச்சயம்.

குழு வருவதற்கு முந்தின நாள் மத்தியானம். பிள்ளைகள் போய்விட்டார்கள். மழை ஓட்டின் மேல் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. ஜம்புநாதன் பீங்கான் தட்டில் சுண்ணாம்பை அள்ளி எடை போட்டுக்கொண்டிருந்தார்.

மழைச் சத்தம் நின்றது.

ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

வெற்றிலை வாசனை முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

“கொஞ்சம் சுண்ணாம்பு தருவியளா?”

கட்கியில் யாரும் பேசாத தமிழ். அவர் ஊர்த் தமிழ்.

அவர் திரும்பவில்லை. இரும்புக் கரண்டி ஒன்று பக்கத்திலேயே கிடந்தது. கை அதை நோக்கிப் போயிற்று. இரும்பு பட்டால் சுண்ணாம்பின் சுத்தம் கெடும் என்று அவருக்குள் இருந்த விஞ்ஞானி சொன்னார். அதை எடுத்தால் நம்பிவிட்டதாக ஆகிவிடும் என்று மேடைப் பேச்சாளரும் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து கண்ணாடிக் குச்சியை எடுக்கவைத்தார்கள். நுனியில் கொஞ்சம் சுண்ணாம்பைத் தொட்டு, தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினார்.

குச்சியை யாரும் வாங்கவில்லை.

குளிர்ந்த விரல்கள் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக, நிதானமாக, நீவின. வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பு தடவுவதுபோல.

மழைச் சத்தம் திரும்பி வந்தது.

மறுநாள் குழுவின் மூன்று பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பாட்டிலின் அடியில் அன்றைக்குச் சுண்ணாம்பு ஒழுங்காகக் கிடந்தது. ஜம்புநாதன் தெளிந்த நீரை எடுத்துக் குடுவையில் விட்டார். நிறங்காட்டியான பினால்ப்தலீன் பட்டதும் ரோஜா நிறம். அமிலம் சொட்டச் சொட்ட நிறம் வெளிறி, கடைசிச் சொட்டில் மறைந்தது. பெருமையோடு குடுவையைத் தூக்கிக் காட்டினார்.

அவர் கையிலேயே அது மறுபடி சிவந்தது.

இன்னும் அமிலம் விட்டார். மறைந்தது. தூக்கினார். சிவந்தது. காற்றுப் பட்டால் அந்த நிறம் தானாகப் போவதுண்டு, தானாகத் திரும்பி வருவதில்லை என்று குழுத் தலைவர் மெதுவாக ஞாபகப்படுத்தினார். கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். ஜம்புநாதன் கழுவினார். தொட்டியில் தண்ணீர் பாலாக ஓடியது, தெளியவே இல்லை. அவர் தேய்த்துக்கொண்டே நின்றார். அவருக்குப் பதிலாக ஜூனியர் சுந்தரராமன் செய்தான். நிறம் மறைந்தது, மறைந்தே இருந்தது. அடுத்த வாரம் நாற்காலியும் அவனுக்கே போயிற்று.

பரிசோதனை நடந்த அன்று ராத்திரி, சாங்விப் பகுதியில் இருந்த வீட்டில், அவர் மனைவி பட்டு பருப்புசாதம் போட்டாள். ஜம்புநாதன் பிசைந்தார். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்பது ஆரத்தி கரைக்கிற எல்லோருக்கும் தெரியும். பிசைந்த சோறு விரலிடுக்கெல்லாம் ரத்தமாக வழிந்தது.

“ஏன்னா, கைய அலம்பிண்டேளா?”

“அலம்பிண்டேன்.”

“எப்போ?”

“காலம்பரலேர்ந்து.”

இடது கையால் எடுத்துப் பார்த்தார். அதுவும் சிவந்தது. ஸ்பூன் வாங்கினார்கள், காம்பு வழியாகச் சிவப்பு இறங்கியது. தோல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். கையில் ஒன்றுமில்லை என்றும் சொன்னார்.

ஜம்புநாதன் இப்போது கூட்டங்களுக்குப் போவதில்லை. மழை நாட்களில் அவருடைய தலைமாட்டில் வெற்றிலை வாசனை வரும். வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை.

மூன்று வேளையும் பட்டுதான் அவருக்கு ஊட்டிவிடுகிறாள்.