பின்பக்கப் போர்ஷன்

இன்னும் யாருக்கும் வாடகைக்கு விடாத பின்பக்கப் போர்ஷனிலிருந்து கடுகு தாளிக்கும் வாசனை வந்தது.

ஜெயப்ரியா துணி மடிப்பதை நிறுத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளியவள் அவள். ஆரணியில் மூன்று போர்ஷன் கொண்ட இந்தப் பழைய வீடுதான் முதல் சொந்த வீடு. முன்பக்கத்தில் அவளும் மகள் உதயாவும். கணவன் அஜித்குமாருக்கு ஓசூரில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவான். மாடியில் ரத்னாவதி குடியிருந்தார். பின்பக்கம் பூட்டிக் கிடந்தது. சாவி அவளிடம்தான் இருந்தது.

மாடியில்தான் சமையலோ என்று படியேறிக் கேட்டாள். விளக்கு வைக்கும் நேரம். எதிர்வீட்டுத் தறிச் சத்தம் மழையோடு கலந்து, நனைந்த பறையை யாரோ விடாமல் தட்டுவதுபோல மந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“நான் பொழுதோட சாப்ட்டு பாத்திரம் கழுவிட்டேம்மா,” என்றார் ரத்னாவதி. “பின்னாடி இருக்கறவங்களா இருக்கும். நல்ல மாதிரிதான். நேத்து உன் பொண்ண மடியில வெச்சிகினு தல வாரிகினு இருந்தாங்க.”

“பின்னாடி யாருமே இல்லீங்களே அக்கா.”

ரத்னாவதி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கீழே உதயா கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். “இங்கயே இரு. அம்மா ஜல்தியா வந்துடறேன்.” சொல்லிவிட்டு, ஈரச் சுவரைத் தடவியபடி பக்கச் சந்து வழியாகப் போய்ப் பூட்டைத் திறந்தாள்.

செல்போன் வெளிச்சத்தில் தரை முழுக்கத் தூசு. ஒரு காலடித் தடம்கூட இல்லை. அடுப்பில்லை. பாத்திரமில்லை. தாளிப்பு நெடி மட்டும் தொண்டையைக் கமறவைத்தது. சமையல் மேடையில் கை வைத்தாள்.

சுட்டது.

எதிர்வீட்டுத் தறி நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம், அவள் வீட்டில், தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு ஒரு குரல்.

“உதயா, சாப்பிட வா கண்ணு.”

அவளுடைய குரல்.

ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கத்த வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பற்றினாள்.

உள்ளே, அவள் சேலையைக் கட்டிய ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். உதயா மென்றபடியே நிமிர்ந்து பார்த்தாள், முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல.

“யாரோ நிக்கறாங்கம்மா.”

“வீடு கேட்டு வந்திருப்பாங்க,” என்றாள் அவள், திரும்பாமலே. “காலி இல்லன்னு சொல்லிட்டு வா.”

உதயா எழுந்து வந்தாள். கம்பியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். ஜன்னலைச் சாத்தினாள்.