தகட்டில் இருந்த பிறை

சனிக்கிழமை காலை ஏழு மணி. ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே மகனின் அறைக்குள் போன அம்மா, சுவரில் தொங்கிய எலெக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கிட்டார் இருந்தது. அதில் மிச்சமிருந்த மகனைத்தான் காணவில்லை.

அரை மணி நேரத்தில் கீழ்வீட்டு இன்ஸ்பெக்டரம்மா மேலே வந்தார். பணி ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குடியிருப்பில் பூனை காணாமல் போனால்கூட அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

"என்னக்கா காணோம்?"

"துரு."

இன்ஸ்பெக்டரம்மா சிரிக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்து ஒரு வருடம்கூட ஆகாதவள் சொல்வதில் சிரிக்க என்ன இருக்கிறது?

கிட்டாரின் கம்பிகள் வந்து உட்காரும் இடத்தில் ஓர் உலோகத் தகடு உண்டு. பிரிட்ஜ் என்பார்கள். வாசிக்கும்போது அவன் வலது உள்ளங்கையின் அடிப்பகுதி அதன்மேல்தான் படுத்திருக்கும். அவன் வியர்வை பொல்லாதது. வருடக்கணக்கில் தகட்டின் மெருகைத் தின்று, பிறை வடிவில் ஒரு பழுப்புத் தடம் விட்டிருந்தது. இப்போது அந்த இடத்தில் தகடு பளபளவென்று இருந்தது.

"நேத்து காலைல பார்த்தேன், இருந்துச்சு. கிட்டாரையே மாத்திட்டாங்க."

இன்ஸ்பெக்டரம்மா கிட்டாரைக் கொக்கியிலிருந்து எடுத்துத் திருப்பினார். முதுகில் அவனுடைய பெல்ட் உரசிய கீறல்கள் இருந்தன. அதே கிட்டார்தான். தகடு மட்டும் புதிது. ஆறு கம்பிகளில் ஐந்து, துருவேறிய பழைய கம்பிகள். மெல்லியது ஒன்று மட்டும் புதுசாக மின்னியது.

முதுகுப்புறத் திருகுகள் நான்கும் சுத்தமாக இருந்தன. முன்புறத்திலோ, வாசிப்பவன் கை எட்டாத ஓரத்துத் திருகுவரை செம்பழுப்பு. இன்ஸ்பெக்டரம்மா விரலால் தடவி, விரலைப் பார்த்துக்கொண்டார்.

"யார் வந்தாங்க நேத்து?"

"அந்த ஒட்டடைக்குச்சி வந்தான். இவனோட சேர்ந்து வாசிப்பானே, அவன். நினைவுக் கச்சேரிக்குக் கிட்டார் வேணும்னான். தரமாட்டேன்னுட்டேன்."

"இந்த ரூமுல வேற ஏதாவது வித்தியாசம்?"

"நாலு நாளா ஒரு எண்ணெய் வாசம். சமையல்கட்டுலேர்ந்து வருதுன்னு நினைச்சேன்."

ஒன்பது மணிக்கு ஒட்டடைக்குச்சி வந்து நின்றான். கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைவது அவனுக்குப் பழகியிருந்தது.

"நீதான் மாத்தினியா?"

"நான் மாத்தியிருந்தா முதல்ல கம்பியை மாத்தியிருப்பேன், மேடம். புதுத் தகடு போட்டு, துருப்பிடிச்ச கம்பியைத் திரும்ப மாட்ற கிறுக்கன் எங்க இருக்கான்? கழட்டி மாட்டறதுல ஒண்ணு அறுந்தும் போயிருக்கு, பாருங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"திருகு இறுகிப் போயிருக்கும். எண்ணெய் விட்டு நாள்கணக்கா ஊறவிடணும். அவசரப்பட்டா தலை மழுங்கிடும்."

திருகுகளின் தலைகள் மழுங்கியிருக்கவில்லை. ஒரு மாலை வந்துபோனவன் வேலை இல்லை இது. பொறுமை இருந்தவள், சரியான அளவில் சின்னத் திருப்புளி வைத்திருந்தவள், இந்த வீட்டுக்குள்ளேயே இருப்பவள். இன்ஸ்பெக்டரம்மா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். போன மாதம் அதன் ஆடிய காதுப்பிடியைத் திருகி இறுக்கிக் கொடுத்தது இந்த வீட்டு மருமகள், போனவனின் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள்.

அவள் கூப்பிடாமலே வந்து நின்றாள்.

"அவனை விட்டுடுங்க மேடம். நான்தான் கழட்டினேன்."

"பழசு எங்கே?"

"குப்பைல போட்டுட்டேன்."

"ஏன்?"

"துருவைப் பார்க்கப் பிடிக்கல."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் உயரவில்லை. "என் பிள்ளையோட கை அதுல இருந்துச்சு. பிடிக்கலன்னா நீ போயிருக்கலாமே. அதை ஏன் போட்டே?"

"போறேன், அத்தை."

பெட்டி ஏற்கெனவே கட்டி வாசலில் இருந்தது. ஒட்டடைக்குச்சி, "அண்ணி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். இந்த இரண்டு பெண்களையும் சேர்த்துக் கட்டியிருந்தவன் போய்விட்டான். மிச்சம் இருந்த முடிச்சு இந்த நிமிடம் அவிழ்ந்துகொண்டிருந்தது.

"பெட்டியைத் திறம்மா," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"துணிதான் மேடம்."

"திற."

புடவைகளுக்கு நடுவே காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா ஒன்று. உள்ளே, ஈரம் உறிஞ்சுவதற்காக மூக்குக்கண்ணாடிப் பெட்டிகளில் போடும் சின்னப் பொட்டலங்கள் நிறைய. நடுவில், மெல்லிசாக எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, அந்தத் தகடு.

"தூக்கிப் போடறவ திருகுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருக்க மாட்டா. துருவைப் பிடிக்காதவ துருக் கம்பியைத் திரும்ப மாட்ட மாட்டா. நீ இதைத் திருடல. காப்பாத்தியிருக்கே."

"எதுலேர்ந்து?" என்றார் அம்மா.

மருமகள் இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலை லேசாக அசைந்தது. இருபத்தெட்டு வருடப் பணியில், குற்றவாளியின் பெயரைச் சொல்வது இன்ஸ்பெக்டரம்மாவுக்கு ஒருபோதும் சிரமமாக இருந்ததில்லை. இன்று நாக்கு எழவில்லை. வாயை மூடிக்கொண்டால் இந்தப் பெண் திருடியாகப் படி இறங்குவாள். திறந்தால் அக்கா எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவள் கேட்டுவிட்டாள். பதில் இல்லாமல் விடுவதும் ஒரு பொய்தான்.

"அக்கா, கிட்டாரோட முன்பக்கம் முழுக்கப் புதுத் துரு. அவன் கையே படாத இடத்துலயும் இருக்கு. சுவர்ப் பக்கம் துளிகூட இல்லை. காத்துல இருக்கிற ஈரம்னா ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கும். துணி எட்டின இடத்துல மட்டும்தான் பிடிச்சிருக்கு."

அம்மா தன் கையைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் கீழே வைக்காத ஈரத்துணி. அதில் அலசியும் போகாத பழுப்புக் கோடுகள்.

"நானா?"

இன்ஸ்பெக்டரம்மா கிட்டாரைத் திரும்பக் கொக்கியில் மாட்டினார்.

"தூசு படக்கூடாதுன்னுதானே துடைச்சேன்," என்றார். பிறகு மெதுவாக, "தினமும் அலசி ஊத்தினேனே. அழுக்குன்னு நினைச்சு ஊத்தினேனே."

"காஞ்ச துணியால துடைங்கன்னு சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் இன்ஸ்பெக்டரம்மா மருமகளிடம்.

"சொன்னா ஏன்னு கேட்பாங்க." அவள் தரையைப் பார்த்தாள். "ஈரத்துணியில பிறையோட ஓரம் கரைஞ்சுகிட்டே வந்துச்சு மேடம். எடுத்துட்டா அத்தைக்குக் காலைல துடைக்க ஒண்ணும் இருக்காது. அதான் புதுசு போட்டேன். துடைக்கத் துடைக்க அதுவும் பழசாயிடும்னு நினைச்சேன்."

அம்மா எழுந்து வந்தார். துணியை அலசப் போகவில்லை. அப்படியே மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு, டப்பாவின் மேல் குனிந்தார். பிறை இருந்தது. ஓரங்கள் மங்கி, முன்பைவிடச் சின்னதாக, ஆனால் இருந்தது. ஒரு விரலை அதன் அருகே கொண்டுபோனவர் தொடாமல் நிறுத்தினார். கண் நிறைந்து தளும்பியது. சட்டென்று முகத்தைத் திருப்பி இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"மூடும்மா," என்றார் மருமகளிடம். "ஈரம் பட்டுடும். மூடி உள் அலமாரியில வை. சாவி உங்கிட்டயே இருக்கட்டும்."