பிணவறைப் பூங்காவனம்

அலுவலகக் கதவு என் முகத்தைப் பார்த்து, "வணக்கம் துருவன், தூய்மை எண் தொண்ணூற்றாறு" என்று சொன்ன பிறகுதான் திறக்கும். பன்னிரண்டு வருடமாகத் தினமும் கேட்ட வணக்கம் அது. தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் அந்த வேலையில் நீடிக்க முடியாது. ஊரார் அழுக்கைத் துவைப்பவன் மேல் ஒரு பொட்டு அழுக்கும் இருக்கக் கூடாதாம்.

என் வேலை பின்புலச் சலவை. பிறந்த நாளிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு வாழ்வேடு ஓடிக்கொண்டிருக்கிறது. படிப்பு, கல்யாணம், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் தானாகவே அதில் ஏறிவிடும். இயந்திரம் அவற்றைக் கூட்டிக் கழித்து நூற்றுக்கு ஓர் எண் போடும். வேண்டாததை நீக்கிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. நீக்கித் தருகிற ஆள் நான்.

தேர்தல் வந்தால் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. மாநில ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்க ஆரம்பித்த பிறகு, யாரை நிறுத்துவது என்று ஒவ்வொரு கட்சியும் தன் உறுப்பினர்களிடமே முதலில் ஒரு முதற்சுற்றுத் தேர்தல் வைக்கிறது. வாக்குச்சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் தூய்மை எண்ணும் அச்சாகும். எண்பதுக்குக் கீழே இருந்து ஜெயித்தவர் அதுவரை ஒருவரும் இல்லை. அந்த வருடம் முப்பத்து நான்கு ஜெயித்த கதை உங்களுக்கெல்லாம் தெரியும். நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் என் மேசையில் நடந்தது.

கட்சி வேட்பாளர்களில் ஒருவரான பூங்காவனம் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு வந்தார். வயது ஐம்பத்தெட்டு. வெண்பாறை மருத்துவமனைப் பிணவறையில் பத்தொன்பது வருடம் பிணம் அறுத்தவர். பிறகு துப்புரவுத் தொழிலாளர் சங்கத் தலைவி. கூடவே கட்சியின் பிரசாரப் பொறுப்பாளர் ரித்தேஷ், கடிகாரத்தைப் பார்த்தபடியே உள்ளே வந்தார்.

"பிணவறைங்கிற வார்த்தையே வரக் கூடாது துருவன். 'மருத்துவத் துறை அனுபவம்'னு போட்டுடுங்க. பன்னண்டு மணிக்குள்ள எண் போய்ச் சேரணும்."

"ஏன் தம்பி, செத்தவங்களத் தொட்டா மார்க்கு கொறையுமா?" என்று அந்தம்மா என்னைக் கேட்டார்.

"மிஷின் அப்படித்தான் கணக்குப் போடுதும்மா. ஒவ்வொரு சாவுக்கும் கொஞ்சம் கழிக்கும்."

"டாக்டருங்களுக்கும் கழியுமா?"

"அவங்கல்லாம் வருஷா வருஷம் நீக்கிடுவாங்க."

"அதானே பாத்தேன்" என்று அவர் டீயை உறிஞ்சினார்.

நான் வருடம் வருடமாக நீக்கிக்கொண்டே வந்தேன். முப்பத்து நான்கு ஐம்பதானது, பிறகு எழுபத்தொன்றானது. ரித்தேஷ் முகத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. பதினோரு வருடம் முந்தைய பெருவெயில் வருடத்து மே மாதத்துக்கு வந்தபோது திரையில் ஓர் எச்சரிக்கை விழுந்தது. எங்கள் வேலையில் இது அடிக்கடி வரும். நாங்கள் யாரும் படிப்பதில்லை, 'ஆம்' என்று தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். என் விரல் பழக்கத்தில் போனது. பூங்காவனம் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பத்தொன்பது வருடம் கனமான உடல்களைப் புரட்டிய கை அது, அசைக்க முடியவில்லை.

"என்னா எழுதியிருக்குன்னு படி."

படித்தேன். 'இந்த நிகழ்வுக்கு நீங்களே கடைசிச் சாட்சி. நீக்கினால் நிகழ்வே நடக்காததாகக் கொள்ளப்படும். தொடரவா?'

ஒரு நிகழ்வு, அங்கே உயிரோடு இருந்த எல்லாருடைய வாழ்வேட்டிலும் ஏறும், செத்தவர்களின் ஏடு சாவோடு மூடிவிடும் என்று விளக்கினேன். எல்லாரும் நீக்கிவிட்டால் அது எங்குமே இருக்காது.

"மத்தவங்க யாரு? அவங்க எப்ப நீக்குனாங்க?"

திறந்து பார்த்தேன். மருத்துவர், கண்காணிப்பாளர், மாவட்ட அதிகாரி, சூரிய மின்பண்ணையின் மேலாளர், இரண்டு போலீஸ்காரர்கள். ஆறு பேரும் நீக்கியிருந்தார்கள். ஆறு பெயருக்கும் எதிரே, நீக்கியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அவர்களில் ஒருவர் நீக்கிய வருடத் தீபாவளிக்கு எனக்கு ஸ்வீட் பெட்டி அனுப்பினார். நான் சாப்பிட்டேன்.

"மின்பண்ணையில பலகை மாட்ட வந்த ஜனங்க. அம்பது டிகிரி வெயில்ல வேலை வாங்குனாங்க" என்றார் பூங்காவனம். "ஒம்போது பேரு செத்தாங்கன்னு கவர்மென்ட்டுல சொன்னாங்க. எங்கிட்ட வந்தது இருநூத்திப் பன்னண்டு. கம்பெனிக்காரன் ஒருத்தர் பேரையும் குடுக்கல. அடையாளம் மட்டும் ஒவ்வொண்ணா எழுதி வச்சேன். பச்ச குத்துனது, ஒடஞ்ச பல்லு, பையில இருந்தது. என்னைக்காவது யாராவது தேடிக்கிட்டு வருவாங்கல்ல?"

ரித்தேஷ் குரலைத் தணித்தார். "அம்மா, முதல்ல ஜெயிங்க. ஆளுநர் ஆனதும் நீங்களே இதுக்கு விசாரணைக் கமிஷன் வைக்கலாம்."

"எதை வச்சு விசாரிப்ப? இங்கதான் ஒண்ணுமே இருக்காதே!"

பூங்காவனம் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீக்குனது எல்லாத்தையும் திருப்பிப் போடு."

நான் கடைசி முத்திரை வைக்கும்வரை திருப்பிப் போடலாம். "போட்டா மறுபடி முப்பத்து நாலும்மா" என்றேன்.

"போடு. போஸ்டர்லயும் பிணவறைப் பூங்காவனம்னே அடிங்க. இத்தன வருஷமா முதுகுக்குப் பின்னால அப்படித்தான கூப்பிடுறானுங்க? இனிமே மூஞ்சிக்கு நேரா கூப்பிடட்டும்."

ரித்தேஷ் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். எனக்கோ வேறு கவலை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே ஒரு மனுஷியின் வாழ்வேட்டில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நாளை அவரை மிரட்டினால்? அவருக்கே ஏதாவது ஆகிவிட்டால்? பழைய விதி ஒன்று உண்டு. ஒரு பதிவை முழுவதும் படித்துக் கைநாட்டு வைத்தால் நீங்களும் அதற்குச் சாட்சி. யாரும் வைப்பதில்லை, ஏனென்றால் அதன் பாரம் உங்கள் எண்ணிலும் இறங்கும். நான் உட்கார்ந்து படித்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. கட்டைவிரலை வைத்தேன். தொண்ணூற்றாறு முப்பத்தொன்பதானது.

"உன் வேலை போயிடுமே தம்பி?"

"ஆறு பேரோடத அழிச்சவன் நான்தாம்மா. போகட்டும்."

டீ குடிக்க வெளியே வந்தேன். திரும்பிப் போனபோது கதவு எனக்குத் திறக்கவில்லை. அதை இரண்டு உதை உதைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை வெண்பாறை மண்டபத்தில் பின்புலத் திறப்பு. வாக்களிக்கும் முன் கட்சி உறுப்பினர்கள் வேட்பாளரின் வாழ்வேட்டை நேரில் பார்க்கும் நாள். வழக்கமாக நாற்காலிகள்தான் வந்திருக்கும். அன்று போஸ்டரைப் பார்த்து வந்தவர்களின் வரிசை தெருமுனை தாண்டியது. வேலை போனவன் நான், திரையை இயக்க ஆளில்லை என்று பூங்காவனம் என்னை உட்கார வைத்திருந்தார்.

வரிசையில் முதல் ஆள் சுனிதா மாஜி. ஒடிசாவிலிருந்து கணவனோடு பலகை மாட்ட வந்து, இங்கேயே தங்கி, இப்போது டிபன் கடை வைத்திருப்பவர். எண்பத்தெட்டாவது பதிவில் நிறுத்தச் சொன்னார்.

'ஆண், சுமார் முப்பது. இடது முன்பல் உடைந்தது. சட்டைப் பையில் சிவப்பு நூல் கட்டிய சைக்கிள் சாவி.'

"நூல் கட்டினது நான்" என்றார். "வேற பொம்பள கூட ஓடிட்டான்னு கம்பெனில சொன்னாங்க. சைக்கிள விட்டுட்டு எவன் ஓடுவான்னு கேட்டேன், சிரிச்சாங்க. அப்புறம் நானும் நம்பிட்டேன். பதினோரு வருஷம்... அவர தினமும் திட்டினேன்."

பூங்காவனம் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். சுனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டைவிரலை வைத்தார். பின்னால் இருந்தவர்கள் யாரும் சொல்லாமலே மண்டபம் நிறைய உட்கார்ந்து திரையில் சேர்ந்தே முழுவதும் படித்தார்கள், ஒவ்வொருவராகக் கட்டைவிரலை வைத்தார்கள். சாட்சிகளின் எண்ணிக்கை நாற்பது, நூறு, அறுநூறு என்று ஏறிக்கொண்டே போனது.

ரித்தேஷ் மூச்சிரைக்க ஓடிவந்தார். "நிறுத்தச் சொல்லுங்கம்மா! இவங்க நம்ம ஓட்டர்ஸ். எல்லாருக்கும் எண் சரியுது, நாளைக்கு எந்த ஆபீஸ் கதவும் இவங்களுக்குத் திறக்காது!"

"ஊரே வெளிய நின்னா கதவு யாருக்குப்பா? ஓட்டு போடுறவங்களுக்கும் எனக்கும் ஒரே மார்க்கு இருக்கட்டும்."

சுனிதா இன்னும் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். "பேர் எழுதலாமா?" என்று கேட்டார்.

எண்பத்தெட்டாவது பதிவில் 'பெயர் தெரியவில்லை' என்பதை எடுத்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல 'துஷ்மந்த மாஜி' என்று அடித்தேன். இயந்திரம் வழக்கம்போல் ஒரு நீண்ட எச்சரிக்கையைக் காட்டி, தொடரவா என்று கேட்டது. ஒரு வார்த்தை விடாமல் முழுவதையும் படித்தேன். பிறகு 'ஆம்' என்று தட்டினேன்.