தலையணைக்குள் ஒரு பக்கம்

கட்டிலில் தலை வரை போர்த்திய ஓர் உடல். வெளியே தொங்கிய கையில் நாடி இல்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை. புதுவாயல் பக்கம் ஒரு தொழிலாளர் லைன் வீடு, ஏழாம் எண் அறை. காலை பதினொன்று.

"யாருய்யா இவன்?" இன்ஸ்பெக்டர் சுமலதா கேட்டாள்.

வாசலிலேயே நின்றான் பாக்கியராஜ். ஆலைக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர்.

"பினய் மேடம். திரிபுராக்காரன். நைட் ஷிப்ட். பகல்ல இவன் தூங்குவான், ராத்திரி ரத்தன். ரெண்டு பேருக்கும் ஒரே கட்டில்."

"உள்ள போனியா?"

"இல்ல மேடம். ஜன்னல்ல பாத்தேன். கை தொங்கிக்கினு இருந்துச்சி. உடனே போன் பண்ணேன்."

"எதுக்குக் கொன்னிருப்பாங்க?"

"போன மாசம் அவங்கம்மா செத்துட்டாங்க. லீவு கேட்டான், குடுக்கல. உக்காந்து ஒரு பேப்பரப் படிச்சிக்கினு இருந்தான். புத்தர் வேதமாம்... கைல எழுதுன பழைய ஏடு. செம விலை போவும். தலகாணிக்குள்ள வச்சிருப்பான். ரத்தன்தான் தலகாணிய கிழிச்சி எட்துக்கினு ஓடிட்டான்."

சுமலதா நிமிர்ந்தாள்.

வாசலில் ஒரு நிழல். கையில் ஹெல்மெட். மூச்சு வாங்க ஓர் இளைஞன்.

"யாரு நீ?"

"பினய்."

பாக்கியராஜின் முகம் வெளுத்தது.

"ரத்தனுக்குக் காய்ச்சல் மேடம். நைட் முடிச்சி அவன் கார்டுலயும் நானே டூட்டி போனேன். போலீஸ்னு கேட்டு ஓடியாந்தேன்."

"கேட்ல கேக்கலியா?"

"கார்டு பாப்பாங்க. மூஞ்சி பாக்க மாட்டாங்க."

சுமலதா போர்வையை விலக்கினாள். ரத்தன்... தலைக்கடியில் தலையணை. ஓரம் பிளேடால் கிழிக்கப்பட்டிருந்தது.

"பாக்கியராஜ்... போர்வைக்குள்ள தலகாணி கிழிஞ்சது, ஜன்னல்ல நின்னா தெரியுதா?"

பாக்கியராஜ் வெளியே நின்ற தன் பைக்கைப் பார்த்தான்.

ஏட்டு எட்வர்ட் அவனுடைய பைக் சீட்டைத் தூக்கினார். பாலிதீன் கவர். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு பக்கம்.

"எட்துக்கினு வந்துடலாம்னுதான் போனேன்... முழிச்சிக்கினான். போர்வையோட அமுக்கிட்டேன். மூஞ்சியக்கூடப் பாக்கல மேடம்."

பினய் கை நீட்டினான்.

"குடுங்க மேடம். எங்க ஊர்ல யாராவது செத்தா இதப் படிக்கணும். ரத்தனுக்குப் படிக்க இங்க வேற ஆள் இல்ல."

"ரொம்ப சிநேகிதமா?"

"பேசுனது கம்மி மேடம். நான் வந்து படுக்கறப்ப கட்டில் சூடா இருக்கும். அவன் இருந்தான்னு தெரியும். அவ்ளோதான்."

சுமலதா எட்வர்டின் கையிலிருந்த கவரைப் பார்த்தாள்.

"எவிடென்ஸ் மேடம்..." எட்வர்ட் தயங்கினார்.

"கவரோட நீங்க புடிச்சிக்குங்க. அவன் படிக்கட்டும். பழசு, ஜாக்கிரதை."

"பழசு இல்ல மேடம்," என்றான் பினய். "பழைய புஸ்தகம் ஊர்ல இருக்கு. போன்ல போட்டோ அனுப்புனாங்க. அம்மாவுக்குப் படிக்க நானே பாத்து எழுதினேன். கம்பெனி பாக்கிங் பேப்பர்."

மண்டியிட்டு மெல்லப் படிக்கத் தொடங்கினான்.

"இன்னா மேடம்... அது பழசு இல்லியா?" பாக்கியராஜின் குரல் உடைந்தது.

சுமலதா விலங்கை மாட்டினாள்.

"கவலப்படாத. நீ வெளிய வர்றதுக்குள்ள பழசாயிடும்."