மூன்று விரல் ஓட்டை

வெள்ளிக்கிழமை மாலை மணி நாலு இருபது. நாளைக் காலை பத்து மணிக்கு ஓட்டையை அடைத்துவிடுவார்கள்.

நோண்டி புத்தகப் பையைக்கூடக் கழற்றவில்லை. வாசல் குழாயடியில் குப்புறப் படுத்திருந்தாள். தரையில் பதித்த கான்கிரீட் மூடியின் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அதனால் வீட்டில் அந்தப் பெயர். பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதை டீச்சர் மட்டும்தான் பயன்படுத்தினார்.

மூடிக்குக் கீழே முழங்கால் ஆழத்தில் ஒரு குழி. அதில் தண்ணீர் மீட்டர். மாதம் ஒருமுறை மீட்டர்காரர் வருவார். மூடியைத் தூக்க மாட்டார். மூன்று விரல் அகல ஓட்டை வழியே, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எண்ணைப் படித்துப் போவார்.

போன வாரம் வெளிச் சுவரில் புது மீட்டர் வந்துவிட்டது. அதற்குக் குனியவும் வேண்டாம், கண்ணை மூடவும் வேண்டாம். பழைய குழி இனி யாருக்கும் தேவையில்லை. கொசு வரும் என்று ஓட்டையில் ரப்பர் அடைப்பான் வைத்துப் பசை போட்டு ஒட்டப் போகிறார்கள்.

ஆனால் உள்ளே ஒரு தேரை இருந்தது.

பள்ளி திறந்த வாரம் அவள் முதலில் பார்த்தபோது அது சட்டைப் பொத்தான் அளவுதான். ஓட்டை வழியே பூச்சிகள் விழுந்தன. தேரை தின்றது. இன்னும் விழுந்தன. இன்னும் தின்றது. இப்போது அது நோண்டியின் கைமுட்டி அளவு இருந்தது.

சுவரில் ஏற முடியாமல்தான் உள்ளேயே இருக்கிறது என்று நோண்டி நினைத்தாள். பையிலிருந்து மர ஸ்கேலை எடுத்து ஓட்டை வழியே சாய்த்து இறக்கினாள்.

தேரை யோசித்தது. பிறகு ஏறியது. தலை வெளியே வந்தது. தோள் வரவில்லை. ஒரு நிமிடம் தெருவைப் பார்த்துவிட்டுப் பொத்தென்று உள்ளே விழுந்தது.

“அம்மா! ஏணி பிரச்சினை இல்லம்மா. கதவுதான் பிரச்சினை!”

அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். “வந்த வழியில போகத் தெரியாதா அதுக்கு?”

“வந்தப்போ அது குட்டியா இருந்துச்சும்மா. என் போன வருஷச் சட்டை இப்போ தலையிலயே மாட்டிக்குதுல்ல? அந்த மாதிரி.”

அம்மா கையிலிருந்த துணியை வாளியில் போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். தேரையும் அவளைப் பார்த்தது.

“ஐயோ பாவம். மூடியைத் தூக்கிடலாமே?”

“நகராதும்மா. ஓரமெல்லாம் சிமெண்ட்.”

அம்மாவுக்கு நினைவு வந்தது. மிதித்தால் தடக் தடக் என்கிறது என்று அவள்தான் போன வருடம் பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் சொன்னாள். அவர் சுற்றிலும் பூசிக் கொடுத்தார். சத்தம் நின்றது. மூடியும் நின்றுவிட்டது.

கொத்தனார் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நீங்க பூசினதைக் கொஞ்சம் பேக்கணும்,” என்றாள் அம்மா.

“நான் பூசினதா? பூகம்பம் வந்தாலும் பேராது!” என்றார் பெருமையாக. விஷயத்தைக் கேட்டதும் பெருமை கொஞ்சம் இறங்கியது. வாசலுக்கு வந்து குந்தி உட்கார்ந்து மூடியைத் தட்டிப் பார்த்தார்.

“கடப்பாரை போட்டா மூடி ரெண்டா பிளக்கும். பிளந்தது உள்ளதான் விழும். தேரை சட்னி.”

“அப்போ ஓட்டையை மட்டும் பெருசாக்கலாமா மாமா?”

“ஆக்கலாம். உளி வெச்சு ஓரத்துல மெதுவா தட்டணும். தேரை போனதும் நானே சிமெண்ட் வெச்சு அடைச்சும் குடுத்துடறேன். ஆனா தட்டுற சில்லு எங்க போகும், சொல்லு?”

நோண்டி உள்ளே பார்த்தாள். சில்லு நேராகத் தேரையின் தலைக்குத்தான் போகும்.

அவள் ஒரு துண்டை ஓட்டை வழியே திணித்துப் பார்த்தாள். அது மூட்டையாக விழுந்ததே தவிர விரியவில்லை. குச்சியால் கிண்டி வெளியே எடுத்தாள். செய்தித்தாளைச் சுருட்டி விட்டாள். அதுவும் சுருட்டிய மேனிக்கே நின்றது.

“என்னம்மா, இருட்டுறதுக்குள்ள சொல்லுவியா?”

“இருங்க மாமா. போகும்போது ஒல்லியா இருக்கணும். உள்ள போனதும் குண்டாகணும்.”

“உன் தேரை அதைத்தானே பண்ணுச்சு!” என்று கொத்தனார் சிரித்தார்.

நோண்டி சிரிக்கவில்லை. எழுந்து வீட்டுக்குள் ஓடினாள். திரும்பி வரும்போது கையில் தம்பியின் குட்டிக் குடை இருந்தது. பின்னாலேயே தம்பியும் இருந்தான்.

“என் குடை! குடுடீ!”

“கல்லு மழை பெய்யப் போகுதுடா. தேரைகிட்ட குடை இல்ல.”

நாலு வயதுத் தம்பி இதை யோசித்தான். “அப்போ நான்தான் எண்ணுவேன்.”

எதை எண்ணப் போகிறான் என்று யாரும் கேட்கவில்லை. சரி என்றார்கள்.

சுருக்கிய குடையை நோண்டி தலைகீழாக ஓட்டைக்குள் இறக்கினாள். இறுக்கமாக உள்ளே போனது. வளைந்த கைப்பிடி மட்டும் வெளியே நின்றது. விரலை விட்டுக் குடையின் விசையை உள்ளே தள்ளினாள். குடை சுவரில் முட்டும்வரை விரிந்து, கிண்ணம் போல் நின்றது. அதன் அடியில் தேரை.

கொத்தனார் குடையைப் பார்த்தார். நோண்டியைப் பார்த்தார். உளியை எடுத்தார்.

“கைப்பிடியைப் பிடிச்சுக்க. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்க.”

டங்.

“ஒண்ணு!” என்றான் தம்பி.

பெரிய அடி கிடையாது. ஒவ்வொரு அடிக்கும் கடலை அளவு சில்லு. சில்லு குடையில் விழும் சத்தம் நிஜ மழை போலவே இருந்தது. தம்பிக்கு இருபதுக்கு மேல் தெரியாது. இருபது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். பதினோரு தடவை தொடங்கிய பிறகு, கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி தெரிந்தது.

“இதுக்கு மேல தொடக்கூடாது,” என்று கொத்தனார் நிறுத்தினார்.

நோண்டி ஓட்டையில் விரல் வைத்துப் பார்த்தாள். ஐந்து விரல்.

குடையை மெல்லச் சுருக்கி வெளியே இழுத்தாள். இரண்டு கை நிறையச் சில்லு அதனோடு வந்தது. துணியில் சின்னதாக ஒரு கிழிசலும் இருந்தது.

“இப்போ என் குடையில ஓட்டை!” என்றான் தம்பி.

“தைச்சுத் தர்றேன். கத்தாதே, அது பயந்துக்கும்,” என்றாள் அம்மா.

கொத்தனார் ஒரு சொரசொரப்பான பலகைத் துண்டைச் சாய்த்து உள்ளே இறக்கினார். எல்லோரும் காத்திருந்தார்கள். தேரை வரவில்லை.

“நாம போனாத்தான் வரும். நானா இருந்தாலும் இத்தனை பேர் முன்னாடி வர மாட்டேன்,” என்றார் கொத்தனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நோண்டி டார்ச்சோடு ஓடினாள். தேரை உள்ளேதான் இருந்தது. ஏழு மணிக்கும் இருந்தது. ஒன்பதரைக்குப் பழைய மீட்டரின் மேல் ஏறிச் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

“வாயேன்,” என்று கெஞ்சினாள். “இப்போ வரலைன்னா அப்புறம் வரவே முடியாது. சொன்னாப் புரிஞ்சுக்கோயேன்.”

அது கண்ணை மூடித் திறந்தது.

பத்து மணிக்கு மீட்டர்காரர் வந்தார். ஒரு கையில் பசை டப்பா, ஒரு கையில் ரப்பர் அடைப்பான், அக்குளில் படிவம்.

“சார், ஒரே ஒரு நிமிஷம் சார்...” என்று நோண்டி ஆரம்பித்தாள்.

“எனக்கு இன்னும் முப்பது வீடு இருக்கும்மா.”

அவர் பழக்கத்தில் குனிந்தார். பழக்கத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். அடைப்பானை ஓட்டையில் வைத்து அழுத்தினார்.

அது மூன்று விரல் அடைப்பான். ஓட்டைக்குள் நேராகப் போய், தேரைக்குப் பக்கத்தில் ‘டொப்’பென்று விழுந்தது.

உள்ளே எதுவோ குதித்தது. பலகை அசைந்தது. ஒரு தலை வெளியே வந்தது. பிறகு தோள். பிறகு வயிறு, கொஞ்சம் கஷ்டப்பட்டு. தேரை வெயிலில் முழுதாக உட்கார்ந்தது. மீட்டர்காரரின் செருப்பை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு தாவித் தாவி, ஈர மண் இருந்த செடித் தொட்டிகளுக்குப் பின்னால் போய் மறைந்தது.

நோண்டி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மதில் மேல் கொத்தனாரின் தலை தெரிந்தது.

மீட்டர்காரர் இரண்டு கண்ணையும் திறந்து ஓட்டையைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். மூடினார்.

“ஏம்மா, இதுல ‘அடைச்சாச்சா’ன்னு ஒரு கட்டம் இருக்கு. ‘ஏதாவது வெளிய வந்துச்சா’ன்னு கட்டமே இல்லியே. இப்போ நான் என்னன்னு எழுதறது?”