புறவாசல் வாழைகள்

சிவசங்கரன் காவல் நிலையத்துக்குள் நுழைந்தபோது கையில் கருகிய வாழையிலை ஒன்று இருந்தது. முக்கூடலுக்கு மேற்கே, ஆற்றை ஒட்டி அவருக்கு வாழைத்தோட்டம். குலை தள்ளிய நேரத்தில் மரங்கள் பட்டுக்கொண்டிருந்தன.

"பக்கத்து வயல் ஆவுடைநாயகம் விஷம் ஊத்துதான் ஐயா. வரப்புத் தகராறுல என் தோட்டத்தை அழிச்சிருவேன்னு ஊர் முன்னால சொன்னவன். அவனை உள்ள தள்ளணும்."

சப்-இன்ஸ்பெக்டர் நமச்சிவாயம் இலையைப் புரட்டிப் பார்த்தார். வரப்புச் சண்டைகளைக் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துப்போயிருந்தது. இளம் காவலர் ஹென்றியோ அதற்குள் தொப்பியை மாட்டிவிட்டான்.

"ஆவுடைநாயகத்தைக் கூட்டிட்டு வரட்டுமா ஐயா?"

"பைய இரு. தோட்டத்தைப் பாப்போம்."

தோட்டத்தின் ஒரு கோடியில் வரப்பு, மறு கோடியில் வீடு. வெயிலில் நமச்சிவாயம் முழுவதும் நடந்தார். வரப்போரம் மரங்கள் பச்சையாக நின்றன. வீட்டை நெருங்க நெருங்க இலைகள் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கருகியிருந்தன. புறவாசலருகே சில மரங்கள் சாய்ந்தே கிடந்தன. முழங்காலைப் பிடித்தபடி குனிந்து தூரைக் கிளறினார். கறுத்த வேர்களின் மேல் வெள்ளைக் குருணைகள்.

புறவாசல் படியில் சிவசங்கரனின் தகப்பனார் பாபநாசம் உட்கார்ந்திருந்தார். விரல்களில் வெள்ளைப் பொடி.

"உரம் எப்ப வச்சீங்க அண்ணாச்சி?"

"இனிமேத்தான் வைக்கணும். கன்னு இப்பத்தானே வேர் புடிச்சிருக்கு."

அவர் தலைக்கு மேலே ஒரு குலை தொங்கிக்கொண்டிருந்தது.

நமச்சிவாயம் சிவசங்கரனைத் தனியே அழைத்துப் போனார். ஹென்றியும் கூடவே போனான்.

"வரப்பு வழியா வந்து விஷம் ஊத்துதவன் வரப்போர மரத்தை விட்டுட்டு, உம்ம வாசல் வரைக்கும் வருவானாவே? இது யூரியா. அளவு மிஞ்சினா ஈரத்துல நின்னாலும் வேரால தண்ணி இழுக்க முடியாது. இலை ஓரத்துலருந்து எரியும்."

"நான் ஒரு தடவைதானே வச்சேன்?"

"உம்ம அப்பா தினமும் வைக்காரு. வச்சது அவருக்கு ஞாபகம் இல்ல. நடை தளர்ந்துட்டதால புறவாசலோட நின்னுருதாரு."

சிவசங்கரன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "சாப்பிட்ட பெறகும் சோறு கேட்பாரு. வயசாயிட்டுன்னு விட்டுட்டேன்."

ஹென்றி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"மிச்ச மரம் பிழைக்குமா ஐயா?" என்று சிவசங்கரன் கேட்டார்.

"தண்ணியை நிறையப் பாய்ச்சி உரத்தைக் கரைச்சு இறக்கினா பாக்கலாம். இன்னைக்கு வாய்க்கால் தண்ணி முறை யாருக்கு?"

சிவசங்கரன் வரப்புப் பக்கம் பார்த்தார். "ஆவுடைநாயகத்துக்கு."

சிவசங்கரன் எழுந்து, செம்பில் தண்ணீர் மொண்டு தகப்பனாரின் கைகளைக் கழுவிவிட்டார். பிறகு வரப்பை நோக்கி நடந்தார்.

ஆவுடைநாயகம் மண்வெட்டியை ஊன்றியபடி சிவசங்கரன் சொன்ன முழுவதையும் கேட்டார்.

"என்னைப் புடிச்சுக் குடுக்கத்தானே போனீரு?"

"ஆமா."

ஆவுடைநாயகம் குனிந்து, தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த மடையை மண் வெட்டிப் போட்டு அடைத்தார். தண்ணீர் சிவசங்கரனின் தோட்டத்துப் பக்கம் திரும்பியது.