வெள்ளச்சிக்காக ஒரு சட்டப் புத்தகம்

கடைசிப் பருத்தியை எடுத்து முடித்ததும் காட்டை ஆடுகளுக்கு விட்டுவிடுவது அந்த ஊர் வழக்கம். யாரும் யாரிடமும் கேட்பதில்லை. பருத்தி எடுத்த பெண்கள் மடியை உதறிக்கொண்டு வெளியேறினால் போதும், ஆடுகள் உள்ளே போகலாம்.

சுகுணா வீட்டு வெள்ளாடு வெள்ளச்சிக்கும் இந்த வழக்கம் நன்றாகத் தெரியும். அன்று பெண்கள் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வெளியேறினார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. உள்ளே புகுந்து அரை வரிசைச் செடியை மேய்ந்துவிட்டது.

காட்டுக்காரர் உக்கிரபாண்டி அதைப் பிடித்துத் தன் வீட்டு வேப்பமரத்தில் கட்டிவிட்டார். சுகுணாவின் அம்மா போய்க் கேட்டாள்.

"தப்புதான் அண்ணாச்சி. ஆட்டை விடுங்க, குட்டி பாலுக்குக் கத்துது."

"ஒரு வாரம் கெடக்கட்டும். அப்பதான் ஆட்டுக்கும் புத்தி வரும், ஆளுக்கும் புத்தி வரும்."

ஆட்டுக்குப் புத்தி வருமோ வராதோ, குட்டி ஒரு வாரம் தாங்காது. பாட்டில் பாலை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் அது கத்துவதையும் குறைத்துக்கொண்டது. சுகுணாவுக்கு அழுகை வந்தது.

எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு என்று வகுப்பில் டீச்சர் சொல்லியிருந்தார். அன்று சனிக்கிழமை. சுகுணா பஸ் ஏறிக் கோவில்பட்டி நூலகத்துக்குப் போனாள்.

"அக்கா, அடுத்தவங்க ஆட்டைக் கட்டிப்போடுததுக்குச் சட்டம் இருக்கா?"

நூலகர் பிரேமலதா சட்டப் புத்தக அலமாரியின் பூட்டோடு கொஞ்ச நேரம் போராடினார். அதைத் திறக்கச் சொல்லி யாரும் வந்து நாளாயிற்று.

"இந்தா, கால்நடை அத்துமீறல் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துது."

"அப்ப செல்லாதா அக்கா?"

"பழசுங்கதால செல்லாமப் போகாது. இடையில எடுத்துட்டாங்களான்னுதான் பாக்கணும்." கணினியில் தேடினார். "இல்ல, இன்னும் இருக்கு."

ஒவ்வொரு ஆங்கில வாக்கியமும் கூட்ஸ் ரயில் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. பிரேமலதா அக்கா அர்த்தம் சொல்லச் சொல்ல, சுகுணா தமிழில் எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் குட்டியைத் தூக்கிக்கொண்டு உக்கிரபாண்டி வீட்டுக்குப் போனாள்.

"மாமா, குட்டி பால் குடிக்கட்டும். அதுவரைக்கும் ஒண்ணு வாசிக்கேன்."

குட்டி அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. தாயின் மடியில் முட்டத் தொடங்கிவிட்டது.

"பயிரை மேய்ஞ்சா பிடிக்க உங்களுக்கு உரிமை இருக்கு," என்று வாசித்தாள்.

அவர் மீசையைத் தடவினார். "அப்படிச் சொல்லு!"

"பிடிச்சா ஒரு நாளுக்குள்ள பவுண்டுல, அதான் கவர்மெண்டு பட்டியில, கொண்டுபோய் அடைக்கணும். வீட்டுல கட்டி வச்சுக்கிடக் கூடாது."

"ஏட்டி, அது மாட்டுக்குச் சட்டம். இது ஆடு."

"எதுக்கெல்லாம்னு போட்டிருக்கு மாமா. யானை, ஒட்டகம், எருமை, குதிரை, கழுதை, பன்னி, செம்மறி, வெள்ளாடு, குட்டி."

"ஒட்டகமா! கரிசக்காட்டுக்கு ஒட்டகம் வந்தா நான் பிடிக்கலாமா?"

"பிடிக்கலாம். ஆனா ஒரு நாளுக்குள்ள அடைச்சிரணும்."

உக்கிரபாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம ஊரு பவுண்டு இடிஞ்சு கருவேல மரம்லா நிக்கி. இதை எங்கன கொண்டுபோய் அடைக்க?"

"அது தெரியல மாமா," என்று சுகுணா உண்மையைச் சொன்னாள். "ஆனா பருத்தி எடுத்து முடியுற வரைக்கும் வெள்ளச்சியை நான் கயித்துல பிடிச்சே மேய்க்கேன்."

வெள்ளச்சி மேய்ந்த செடிகளை அவர் நினைத்துப் பார்த்தார். குட்டியையும் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கயிற்றை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தார்.

"எனக்கு உரிமை இருக்குன்னு மொதல்ல வாசிச்சியே, அதை இன்னொரு தடவை வாசி."

வாசித்தாள். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"பன்னின்னு சொன்னியே, காட்டுப்பன்னியும் அதுல சேத்தியா? என் மக்காச்சோளத்தை உழுதுபோட்டுப் போயிருதுட்டி."

"காட்டுப்பன்னி யாருக்குச் சொந்தம்னு பாக்கணும் மாமா. அதுக்கு வேற புத்தகம் இருக்கும்."

அடுத்த சனிக்கிழமை கோவில்பட்டி பஸ்ஸில் உக்கிரபாண்டி துண்டைப் போட்டு அவளுக்கு ஜன்னலோர சீட்டைப் பிடித்து வைத்திருந்தார்.